பத்தாவது பிடி

றீற்றா வீட்டு அரிசியை எடுத்து வந்தவன் நான்தான். பழியைப் பங்குபோட ஆள் இல்லாமல் இல்லை, அவர்களையும் சொல்லாமல் விடப்போவதில்லை. ஆனால் கலயத்தைக் கவிழ்த்துச் சாக்கில் கொட்டிய கை என்னுடையது. அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

அப்போது நான் கட்டுகஸ்தோட்டையில் எங்கள் செபஸ்தியார் கோயில் உபதேசியார். மாதம் பதினெட்டு ரூபாய். மனைவி, நான்கு பிள்ளைகள். மடவளைக்கு அப்பால் இருந்த கொக்கோத் தோட்டங்களில் நம் சனங்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பது, யாராவது சாகக் கிடந்தால் சுவாமியாருக்கு ஆள் அனுப்புவது, கோயில் பங்கை வசூலிப்பது, இவ்வளவுதான் வேலை. கடைசியாகச் சொன்னதுதான் முதல் வேலை என்பது சேர்ந்த மூன்றாம் மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது.

பத்தில் ஒன்று என்ற சட்டத்தைக் கொண்டுவந்தவர் கிளறன்ஸ் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வாடகைக்கு மூன்று வீடு விட்டிருந்தார். வீட்டுக்குப் பின்னால் முந்நூறு கோழி வளர்த்து, கண்டியிலிருந்த ஹோட்டல்களுக்கு முட்டை கொடுத்துவந்தார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். தன் வருமானத்தில் பத்தில் ஒன்றைச் சதம் பிசகாமல் கொடுத்தவர், பூசைக்கு ஒருநாள்கூடப் பிந்தாதவர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றாம் ஆண்டு, கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து சனங்களை உட்காரவைத்துப் பேசினார்.

"பத்தில ஒண்டு எல்லாருக்கும் ஒண்டுதான். ஆண்டவருக்கு முன்னால பணக்காரன், ஏழை எண்டு பாகுபாடு இல்லை. நான் பத்து ரூபாய்க்கு ஒரு ரூபாய் குடுக்கிறன். உங்களிட்ட காசு இல்லையெண்டா பத்துப் பிடி அரிசிக்கு ஒரு பிடி குடுங்கோ. இதைவிட நீதி எங்க இருக்கு?"

பின்வரிசையில் இருந்து சுவக்கின் எழுந்தான். கொக்கோக் காய் வெட்டும் ஆள். ஒல்லியானவன், வாய் கொஞ்சம் நீளம்.

"ஐயா, ஒரு பங்கக் குடுத்திட்டா ஒங்ககிட்ட மிச்சம் ஒம்பது பங்கு இருக்கும். அத வச்சி என்னா செய்வீங்க?"

"என்ன செய்யிறது? வீட்டைத் திருத்திறது, நாலு காசு சேர்க்கிறது."

"நாங்க மிச்ச ஒம்பது பிடியையும் தின்னுருவோம் ஐயா. பத்துப் பிடியா இருந்தப்பவே பத்தல."

சனம் சிரித்தது. கிளறன்ஸ் ஐயாவும் சிரித்தார். "குறைவில இருந்து குடுக்கிறவனுக்குத்தான் தம்பி பலன் கூட" என்றார். சுவக்கின் உட்கார்ந்தான். சுவாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சட்டம் நிறைவேறியது.

சுவக்கின் கேள்வி கேட்டான். அவன் பெண்சாதி றீற்றா கேள்வி கேட்காமல் கொடுத்தாள். பிடியரிசி எங்கள் சனத்துக்குப் புதிதில்லை. உலை வைக்கும்போது ஒரு பிடியைக் கோயிலுக்கென்று கலயத்தில் போடுவது முன்பே உண்டு. ஆனால் அது மனம் வந்தால் போடுவது, மனம் வராவிட்டால் விடுவது. இப்போது எண்ணிப் போடவேண்டும். றீற்றா ஒவ்வொரு வேளையும் பிடி எண்ணித்தான் அரிசியை எடுப்பாள், பத்தாவது பிடி கலயத்துக்குப் போகும். லயம் என்கிற வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராக்காரி ஒருத்தி, "கோயில் பிடிய மட்டும் பிள்ள கையால எடுத்துப் போடுடி, செபஸ்தியாரு அளந்தா பாக்கப் போறாரு" என்று சொல்லிக்கொடுத்தாளாம். அவளோடு றீற்றா ஒரு வாரம் பேசவில்லை. இவற்றையெல்லாம் நான் கோயிலில் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். சொல்லச் சொல்ல எனக்கு மதிப்பும் கூடியது.

அடுத்த வருசம் மழை பொய்த்தது. மகாவலி வற்றி, பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தேங்கி நின்றது. ஐப்பசியிலேயே மலேரியாக் காய்ச்சல் தொடங்கிவிட்டது. கார்த்திகையில் வீட்டுக்கு ஒருவர் விழுந்தார்கள். மார்கழியில் விழாத வீடு இல்லை. கொக்கோ விலையும் படுத்துவிட்டதால், துரை பாதித் தோட்டத்தைக் காடாக விட்டுவிட்டார். வேலைக்குப் பேர் போட்டால்தான் கங்காணி அரிசி கொடுப்பார். நடுக்கத்தோடு பாயில் கிடப்பவன் எப்படிப் பேர் போடுவான்? காய்ச்சலில் செத்தவர்களை விட, காய்ச்சல் விட்ட பிறகு கஞ்சிக்கு வழியில்லாமல் செத்தவர்களே அதிகம் என்று நான் சொல்வேன். எந்தப் புத்தகத்திலும் அப்படி எழுதியிருக்காது, ஆனால் நான் கண்ணால் பார்த்தவன்.

சாவு கூடியதும் கல்லறைத் தோட்டம் போதாமல் போயிற்று. பக்கத்துக் காணியை வாங்கப் பணம் வேண்டும். மார்கழிக் கூட்டத்தில், பங்கைத் தீர்த்தவர்களுக்குத்தான் கல்லறையில் இடம் என்று முடிவு செய்தார்கள். தை இருபதாம் திகதி செபஸ்தியார் திருநாளுக்கு முன் கணக்கு நேராக வேண்டும். குறையும் வீட்டின் பங்கை உபதேசியாரின் சம்பளத்தில் பிடிப்பது என்று கிளறன்ஸ் ஐயா சேர்த்துச் சொன்னார். "அப்பதான் ஆள் ஒழுங்காய் ஓடுவார்" என்று என் முதுகில் தட்டினார். நானும் பல்லைக் காட்டினேன்.

அந்தக் கட்டளையை லயம் லயமாகப் போய்ச் சொன்னவன் நான். வெறும் கட்டளையாகச் சொன்னால் சனம் முகம் சுளிக்கும் என்று, பஞ்சக் காலத்தில் கடைசிக் கைப்பிடி மாவைத் தீர்க்கதரிசிக்குச் சுட்டுக்கொடுத்த விதவையின் கதையையும் சேர்த்துச் சொன்னேன். கொடுத்தபிறகு அவள் பானையில் மாவு குறையவே இல்லை என்று கைகளை விரித்துக் காட்டினேன். றீற்றா முன்வரிசையில் இருந்து, கண் இமைக்காமல் கேட்டாள்.

திருநாளுக்கு முந்தின வியாழன் காலை அவள் காம்பராவுக்குப் போனேன். அடுப்பில் சாம்பல் ஆறிக் கிடந்தது. சுவக்கின் சாக்கைப் போர்த்திக்கொண்டு மூலையில் நடுங்கினான். மகள் பெற்றீசியா, ஏழு வயது, பாயில் கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். உடம்பு சுடவில்லை. கை குச்சி, வயிறு மட்டும் வீங்கி இருந்தது. றீற்றாவும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள்தான், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காச்ச விட்டு நாலு நாளாச்சி" என்றாள். "கொய்னாத் தண்ணியக் குடுத்தா வாந்தி எடுத்துர்றா. மருந்துக்காரரு வந்து பாத்தாரு. வெறும் வயித்துல மருந்து நிக்காது, கஞ்சி குடு, கஞ்சி குடுத்தாத்தான் பொழைக்கும்னாரு."

"கங்காணி அரிசி தரலையா?"

"ரெண்டு வாரமா ரெண்டு பேரும் பேர் போடலையே. பக்கத்துலயும் கேட்டேன். யாருகிட்ட இருக்கு?"

சொல்லிக்கொண்டே செபஸ்தியார் படத்துக்குக் கீழே இருந்த கலயத்தை எடுத்து, துணிக் கட்டை அவிழ்த்து என் முன்னால் வைத்தாள். ஐந்தரைக் கொத்து அரிசி இருந்தது. அந்தப் பிள்ளைக்கு ஒரு மாதக் கஞ்சி அந்தக் கலயத்தில் இருந்தது. பட்டினி கிடந்த மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு வாரத்தைக் கழித்திருக்கிறார்கள்.

சுவக்கின் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினான். "உபதேசியாரே, ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன். நான் சொன்னா இவ கேக்க மாட்டேங்குறா. அந்த அரிசிய எடுத்துக் கஞ்சி காய்ச்சச் சொல்லுங்க. ஒடம்பு தேறுனதும் ரெட்டப் பங்கா குடுத்துர்றேன்."

"வாய மூடுங்க" என்றாள் றீற்றா. "செபஸ்தியாருக்குன்னு நேந்த அரிசி. இத வச்சித்தான் பிள்ளைக்கு வேண்டியிருக்கேன். இதுல கை வச்சா விட்ட காச்ச திரும்பி வரும்." பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்கதானே சொன்னீங்க. அந்த விதவை குடுத்த பொறகுதானே பான நெறஞ்சிச்சி?"

ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. 'காய்ச்சு றீற்றா, செபஸ்தியார் கோபிக்க மாட்டார்.' அதைச் சொல்லும் அதிகாரம் அந்த லயத்தில் எனக்கு மட்டும்தான் இருந்தது. சொல்லியிருந்தால் அவள் என் காலில் விழுந்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்திருப்பாள். என் நாக்கு நுனிவரை வந்தது. கூடவே பதினெட்டு ரூபாயும் வந்தது, என் பிள்ளைகளின் முகமும் வந்தது, முதுகில் தட்டிய கையும் வந்தது. அதைவிட வெட்கக்கேடான ஒன்றும் இருந்தது. என் பிரசங்கத்தை அப்படியே நம்பி ஒருத்தி எதிரில் நிற்கும்போது, அது பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"திருநாளைக்குள்ள ஆண்டவர் வழி காட்டுவார்" என்றேன். கலயத்தைக் கவிழ்த்தேன். சுவக்கின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். என் மடியில் பஸ்சுக்கென்று முப்பது சதம் இருந்தது, அதைக்கூட அங்கே வைத்துவிட்டு வரவில்லை.

மடவளைச் சந்தியில் மஹ்மூத் நானாவின் கடை முன்னால் பஸ்சுக்காகச் சாக்கை இறக்கிவைத்தேன். மேலும் நாலு வீட்டு அரிசி அதில் சேர்ந்திருந்தது. அவர் சாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"தோட்டத்துக்குள்ள அரிசி கொண்டு போற ஆள் ஒருத்தரும் இல்ல. நீங்க அங்க ஈந்து வெளியில கொண்டு வாறீங்களே?"

கோயில் பங்கு என்று விளக்கினேன். பத்தில் ஒன்று, எல்லாருக்கும் ஒன்று என்று கிளறன்ஸ் ஐயாவின் வார்த்தையிலேயே சொன்னேன்.

"இல்லாதவனுமா குடுக்கோணும்?"

"எல்லாரும்தான்."

றீற்றாவின் பிள்ளை கஞ்சியில்லாமல் கிடப்பதும் என் வாயில் வந்துவிட்டது. அவர் சாக்கிலிருந்து கையை எடுத்தார். "எங்கட மார்க்கத்திலயும் ஸகாத் எண்டு ஒரு பங்கு ஈக்கிது. ஆனா, கையில இவ்வளவு மிச்சம் ஈந்தாத்தான் கடமை எண்டு ஒரு அளவு ஈக்கிது. அதுக்குக் கொறஞ்சவன் குடுக்கத் தேவல்ல, அவனுக்குத்தான் குடுக்கோணும். போன பெருநாளைக்கும் பித்ரா எண்டு குடுக்கிற அரிசி, இல்லாத ஊட்டுக்குத்தான் போன." பிறகு உள்ளே போய் இரண்டு கொத்து அரிசியைப் பொதி கட்டி எடுத்துவந்தார். "இதக் கொண்டு போய் அந்தப் புள்ளக்கிக் குடுத்திட்டு வாங்க. அடுத்த பஸ்ல போகலாம்."

வாங்கியிருக்க வேண்டும். மூன்று மைல்தான். ஆனால் எனக்குச் சுருக்கென்று இருந்தது. எங்கள் வேதத்துச் சனம் இன்னொரு வேதத்துக்காரரின் அரிசியில் பிழைத்தது என்று நாளைக்கு நாலு பேர் சொல்வார்களே என்று பட்டது. "வேண்டாம் நானா, கோயில் பாத்துக்கும்" என்றேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன். பட்டினி கிடந்தது றீற்றாவின் பிள்ளை, ரோசம் வந்தது எனக்கு.

ஞாயிறு திருநாள். செபஸ்தியார் சுரூபத்துக்குப் பட்டுச் சார்த்தி, வாழை கட்டி, பூசை முடிந்தது. முற்றத்தில் ஏலம் நடந்தது. பூசணி, சேவல், தேங்காய்க் குலை எல்லாம் நல்ல விலைக்குப் போயின. கடைசியில் பிடியரிசி, நான்கு மூட்டை. அதைக் கேட்க ஆள் இல்லை. பிடியரிசி என்றால் நாற்பது வீட்டு அரிசி. பச்சை, புழுங்கல், சிவப்பு, குறுநொய் எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். உலையில் போட்டால் ஒன்று வேகும்முன் இன்னொன்று குழைந்துவிடும். வசதியுள்ள வீட்டில் அதை யாரும் வாங்கமாட்டார்கள். வசதியில்லாதவன் கையில் காசு ஏது?

"நான் எடுக்கிறன்" என்றார் கிளறன்ஸ் ஐயா. மூட்டை நாலு ரூபாய். அவருக்குக் கோழித்தீனி சந்தையில் அதைவிடக் கூடிய விலை. சனம் கைதட்டியது. சுவாமியார் காணிக்கை கொடுத்தவர்களின் பெயர்களை வாசித்தபோது, பிடியரிசி ஏலம், திருவாளர் கிளறன்ஸ், பதினாறு ரூபாய் என்று வாசித்தார். அந்தப் பதினாறு ரூபாயும் அவருடைய பத்தில் ஒன்றிலேயே அடங்கியது. றீற்றாவும் சுவக்கினும் வயிற்றைக் கட்டிக் கொடுத்தது அவர் பெயரில் ஒருமுறை காணிக்கையாயிற்று, அவர் கோழிக்கு ஒருமுறை தீனியாயிற்று.

மூட்டைகளை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னது என்னைத்தான். பின்வளவில் கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் ரத்தினம்மா மூட்டையின் வாயைப் பிரித்து, சுளகில் அள்ளித் தரையில் வீசினாள். கோழிகள் பாய்ந்து வந்தன. எத்தனையோ நாளாகத் தெரிந்த விசயம்தான், போன வருசமும் நானே கொண்டுவந்து போட்டவன்தான். அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

முன்வாசலுக்கு ஓடினேன். கிளறன்ஸ் ஐயா சாய்மனைக் கதிரையில் இருந்தார். றீற்றா வீட்டு நிலைமையைச் சொல்லி, ஒரு சாக்கு அரிசியாவது திருப்பித் தரவேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் முகம் உண்மையாகவே வாடியது. "பாவங்கள். ஆனா உபதேசியார், இது ஏலத்தில எடுத்த சாமான். ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்கு நாற்பது வீடும் வந்து நிக்கும், பிறகு ஒருத்தரும் பங்கு தரமாட்டினம். தர்மம் வேற, பங்கு வேற. வாற கூட்டத்தில இதைப் பேசுவம்."

வருகிற கூட்டம் மாசி முதல் ஞாயிறு. பின்வளவுக்குத் திரும்பினேன். மற்ற மூட்டைகளை அதற்குள் களஞ்சியத்தில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். முழங்காலில் நின்று, கோழிகளை முழங்கையால் தள்ளித் தள்ளி, தரையில் கிடந்ததை என் சால்வையில் அள்ளினேன். ரத்தினம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுளகில் மிச்சம் இருந்ததையும் சால்வையில் கொட்டிவிட்டு, "நான் பாக்கல, போங்க" என்று திரும்பிக்கொண்டாள்.

பஸ் இல்லை. நடந்தேன், பாதி வழி ஓடினேன். மஹ்மூத் நானாவின் கடை சாத்தியிருந்தது, அவரும் காய்ச்சலில் விழுந்துவிட்டார் என்றார்கள். லயத்துக்குப் போய்ச் சேரும்போது பின்னேரம் நாலு மணி இருக்கும். வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எனக்கு வழிவிட்ட விதத்திலேயே தெரிந்துவிட்டது.

பெற்றீசியா மத்தியானம் செத்துப்போயிருந்தாள். நாங்கள் முற்றத்தில் ஏலம் போட்ட நேரம். வெள்ளைத்துணி கிடைக்காமல் றீற்றாவின் கல்யாணச் சேலையைக் கிழித்துப் போர்த்தியிருந்தார்கள்.

றீற்றா அழவில்லை, அழுவதற்கு உடம்பில் சத்து வேண்டுமே. என்னைக் கண்டதும் சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"எங்க பங்கு முழுசா சேந்திச்சா? கொறன்னு ஒண்ணும் சொல்லலையே?"

"இல்ல றீற்றா. முழுசாச் சேந்திச்சி."

"அப்ப பிள்ளைக்குக் கல்லறையில எடம் உண்டுதானே?"

"உண்டு" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிழைத்திருக்கக்கூடிய பிள்ளைக்கு அந்த அரிசி ஆறடிக்குப் பாதி மண்ணை வாங்கிக் கொடுத்தது. அதற்கு நான் தரகன்.

சுவக்கின் தவழ்ந்து வந்து என் கையிலிருந்த சால்வையைப் பிரித்தான். அரிசிக்குள் விரலை விட்டான். சாம்பல் நிறத்தில் ஒரு சிறு இறகு வந்தது. அதை விரலிடுக்கில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மனைவிக்குக் கேட்காத குரலில் கேட்டான்.

"கோழிக்கா போட்டாங்க?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் அசைத்தேன்.

அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் இறகை மடியில் செருகிக்கொண்டான்.

"அவகிட்ட சொல்லிறாதீங்க" என்றான். பிறகு வாசலில் இருந்த பெண்களைக் கூப்பிட்டு, "இதக் களஞ்சி, பெரிய சட்டியில கஞ்சி வைங்க. லயத்துல கெடக்குற மத்தப் பிள்ளைங்களுக்குக் குடுங்க" என்றான்.

அடுப்பு பற்றியது. கஞ்சி வாசனை வந்ததும் காம்பராக்களிலிருந்து பிள்ளைகள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வந்தன. பக்கத்துக் காம்பராக்காரி, "அரிசி ஏதுடி?" என்று றீற்றாவைக் கேட்டாள். றீற்றா மகளின் நெற்றியில் வைத்த கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"உபதேசியாரு கொண்டாந்தாரு. கோயில் அனுப்பியிருக்கு" என்றாள். "நாந்தான் சொன்னேன்ல. குடுத்த பொறகுதான் பான நெறையும்னு."

சுவக்கின் அடுப்பில் விறகைத் தள்ளினான். என்னைப் பார்க்கவில்லை. பெண்கள் எல்லாரும் என்னை நன்றியோடு பார்த்தார்கள். ஒருத்தி எழுந்து வந்து என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். நான் அந்தக் கையை இழுத்துக்கொள்ளவில்லை.